இடப் பக்கம்

பத்தொன்பது வருஷம்
களுவாஞ்சிகுடி அரிசி மில்லில
மெஷினுக்கு இடப் பக்கம் குடுத்து நிண்ட மனிசன்.
காது முதல்ல இரைஞ்சது.
மறுகா அடைச்சது.
மறுகா ஒருநாள், சாக்கு இறக்கிக்கொண்டு நிக்கையில
அந்தப் பக்கத்து உலகம் நிண்டுபோச்சு.

வீதியில போனால் அவருக்கு வலப் பக்கம் நடப்பன்.
கதைக்கிறதெண்டால் உரத்துக் கதைப்பன்.
புளி முடிஞ்சுதெண்டால்
குருமண்வெளித் துறையடி வரைக்கும் தெரியும்
எங்கட வீட்டில புளி முடிஞ்ச கதை.
சண்டை வந்தால் முன்வீட்டுப் பூமணியக்கா
அங்கயே நிண்டு தீர்ப்புச் சொல்லுவா,
பெரும்பாலும் எனக்கு எதிராக.

ஆனா படுக்கிறது இடப் பக்கம்.

லைட் அணைச்சாப் பிறகு
அந்தக் காதுக்குள்ள நான் சொல்லாத கதையில்லை.
உங்கட தங்கச்சிக்குத் தூக்கிக் குடுத்த காப்பு
என்ட உசிர் எண்டு.
நீங்க ஒரு முரடன் எண்டு.
மூத்தவனுக்கு முந்திப் போன பிள்ளைக்கு
நான் ஒரு பேர் வச்சிருந்தன்,
இதுதான் அந்தப் பேர் எண்டு.
ஒருக்கா பை கட்டிக்கொண்டு
கல்முனை பஸ்சுக்கு நிண்டனான் எண்டு.
பஸ் வந்தது.
'ஏறுங்கக்கா' எண்டான் கண்டக்டர்.
அடுப்பில உலை கிடந்த ஞாபகம் வந்தது.
ஆசையா இருக்கெண்டதும் அதே காதுக்குத்தான்.
ஆத்துக்குள்ள போட்ட கல்லு
திரும்பி வந்து கதைக்கவா போகுது?

சீட்டுக் கழிச்ச காசு என்டது.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதும் நான்தான்.
முந்திரிக்கொட்டை அளவில ஒரு சாமான்.
பின்னால நிண்டு நேர்ஸ் மெல்லமா
'அரசரெத்தினம்' எண்டா.
திரும்பினார்.
எனக்கு வயித்துக்குள்ள என்னவோ செஞ்சது.

அடுத்த கிழமை மண்டூருக்குப் பாதையில போகையில
கம்பியைப் பிடிச்சுக் குனிஞ்சார்.
'சறோ, தண்ணி இவ்வளவு கதைக்குமா?'
சைக்கிளோட நிண்ட பொடியனெல்லாம் சிரிச்சான்.
நான் மறுகரையைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

அண்டைக்குப் பிறகு அவர் வேற ஆள்.
தாழ்ந்த குரலில தேத்தண்ணி கேக்கிறார்.
பெருமூச்சு விட்டால் 'என்ன?' எண்டுறார்.
சட்டி மூடியை நான் வைக்கிற விதத்தில
கோபத்தைக் கண்டுபிடிச்சு
சொல்லாமலே தேங்காய் துருவித் தாறார்.
குடுத்து வச்சவளடி நீ எண்டுறா பூமணியக்கா.

ஓம்.

கத்திப் பழகின தொண்டைக்கு இப்ப என்ன வேலை?
மெல்லமாக் கதைக்க எனக்குத் தெரிஞ்சதெல்லாம்
ராத்திரிக் கதை.
அதை இனி எங்க கொண்டுபோய்ச் சொல்ல?
ரெண்டு பேரும் மேசையில
கலியாணம் பேச வந்த வீட்டில இருக்கிறமாதிரி இருந்து
மீன் முள்ளு எடுக்கிறம்.
மனிசன் நல்லவராகிக்கொண்டு வாறார்.
எனக்கு நித்திரை வருகுதில்லை.

நேற்று எட்டரைக்குக் கரண்ட் போச்சு.
காதில இருந்ததைக் கழட்டி
சவர்க்காரப் பெட்டிக்குள்ள வச்சார்.
சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்தார்,
இடக் காது மேல.

'சொல்லு.'

நான் பேசாமக் கிடந்தன்.

'சொல்லுறதைச் சொல்லு சறோ.
அந்தக் காதுக்குச் சொல்லுத்தான் கேக்காது.
சூடு கேக்கும்.'

இத்தனை வருஷமும்
முழிச்சுக்கொண்டா கிடந்தீங்க மனிசா?
கேக்க வாய் வந்தது.
அந்தக் காதில கேட்டு என்ன பலன்?
தோளைப் பிடிச்சு மற்றப் பக்கம் திருப்பினன்.
கட்டில் கிறீச்செண்டது.
வலக் காது மேல வந்தது.
முகமும் வந்தது.
முகம் வருமெண்டு நான் யோசிக்கல்ல.

இருட்டில மூக்கு மட்டும் தெரிஞ்சது.
அதைப் பாத்துக்கொண்டு
கல்முனை பஸ்சில இருந்து தொடங்கினன்.